விருந்தாளி வந்தால் ஊருக்கு என்ன மிஞ்சும்: மேலூர்ப் பக்கம் ஒரு நாள் ஊர்நடை நடத்தும் முறை

மேலூர்ப் பக்கத்தில் பாறையைக் குடைந்து செய்த குடைவரைக் கோயில் ஒன்றைப் பார்க்க மதுரையிலிருந்து 20 பேர் வேனில் வந்து போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வேன் வாடகை மதுரைக்காரருக்குப் போகிறது. காலை டிபனும் மதியச் சாப்பாடும் மதுரை ஓட்டலில். கூட வரும் வழிகாட்டி வெளியூர். டீக்கடையில் விற்ற 20 டீயும், கண்மாய்க் கரையில் வீசிவிட்டுப் போன தண்ணீர் பாட்டில்களும்தான் ஊரில் மிஞ்சுகின்றன. பாட்டில்களைப் பொறுக்குகிறவர் ஊராட்சியின் தூய்மைப் பணியாளர். அவர் கூலியையும் ஊரே கொடுக்கிறது. ஆக, வந்தவர்களால் ஊருக்குச் செலவு.

இதை மாற்ற ஆர்ச்சும் பூங்காவும் கட்ட வேண்டியதில்லை. 12 பேர், ஒரு பகல், மூன்று கிலோமீட்டர் நடை, இரண்டு வேளைச் சாப்பாடு கொண்ட ஊர்நடை போதும். மகளிர் குழுவும் நான்கைந்து இளைஞர்களும் இருக்கிற எந்த ஊரும் இதை நடத்தலாம். மதுரையிலிருந்து ஆட்களை அழைத்துவரும் டிராவல்ஸ்காரர்களும் இதே முறையில் ஊரோடு சேர்ந்து வேலை செய்யலாம்.

அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியில் 193.215 ஹெக்டேர் நிலம் 2022 நவம்பர் 22-இல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அப்படி அறிவிக்கப்பட்ட முதல் இடம் இதுதான். ஏழு குன்றுகள், சுனைகள், கண்மாய்கள், சமணர் படுக்கைகள், குடைவரைக் கோயில், தமிழி எனும் பழந்தமிழ் எழுத்து, வல்லூறு, அழுங்கு எனும் எறும்புதின்னி, தேவாங்கு என எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. இந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கம் தோண்ட விட்ட ஏலத்தை மத்திய அரசு 2025 ஜனவரி 23-இல் ரத்து செய்ததற்குப் பிறகு இந்தப் பெயர்கள் நாடு முழுக்கத் தெரிந்துவிட்டன. பெயர் தெரிந்தால் கூட்டம் வரும். ஊர் தயாராவதற்குள் கூட்டம் வந்துவிட்டால், காப்பாற்றிய மலையைக் குப்பைக்குக் கொடுத்ததாகிவிடும்.

முதலில் ஊர் சம்மதம்

இரண்டு இளைஞர்கள் இன்ஸ்டாகிராமில் படம் போட்டு ஆள் சேர்த்து நடத்தத் தொடங்குவதுதான் வழக்கமாக நடப்பது. மூன்றாவது வாரமே சண்டை வந்துவிடும். "எங்க தெரு வழியா எவன் கேட்டு வந்தான்?" என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இருக்காது. கேட்கிறவர் பக்கம்தான் நியாயம்.

கிராமசபையில் தீர்மானம் போட்டுவிட்டுத் தொடங்குங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் கிராமசபை கூடுகிறது. சுரங்கத்தை எதிர்த்தபோது இந்த ஊர்கள் கையில் எடுத்ததும் கிராமசபைத் தீர்மானத்தைத்தான். அதன் பலம் இப்பகுதி மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கூட்டத்துக்குப் பத்து நாள் முன்பே தெருத்தெருவாகப் போய்ப் பேசிவிடுங்கள். பெண்கள் கூட்டத்தில் வாய் திறக்காத ஊராக இருந்தால், மகளிர் குழுக் கூட்டத்திலேயே அவர்கள் கருத்தை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தீர்மானத்தில் எண்ணிக்கை இருக்க வேண்டும். "சுற்றுலாவை ஊக்குவிக்க ஒப்புதல்" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால், நாளை யார் வேண்டுமானாலும் அதைக் காட்டி ரிசார்ட் கட்ட வருவார்கள். ஏறக்குறைய இப்படி எழுதலாம்:

"நமது ஊராட்சி எல்லைக்குள் மகளிர் குழுக்கள் மூலம் பகல்நேர ஊர்நடை நடத்த இச்சபை ஒப்புதல் அளிக்கிறது. மாதத்துக்கு 4 நாள், நாளொன்றுக்கு ஒரு குழு, குழுவுக்கு 12 பேர் என்பதே உச்ச அளவு. இணைக்கப்பட்ட வரைபடத்தில் குறித்த பாதை தவிர வேறு பாதையில் அழைத்துச் செல்லக் கூடாது. வசூலில் பத்தில் ஒரு பங்கு ஊர் நிதிக்குச் சேரும். வரவு செலவு ஒவ்வொரு கிராமசபையிலும் வாசிக்கப்படும். இவ்வொப்புதல் ஓராண்டுக்கு மட்டும்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பிடிக்கவில்லை என்றால் அடுத்த ஆண்டு சண்டையில்லாமல் நிறுத்திக்கொள்ள ஊருக்கு அந்த ஒரு வரி போதும்.

ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவுக்கும் பாதை வரைபடத்தைக் காட்டி ஒப்புதல் வாங்குங்கள். 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சிக்கும் இந்தக் குழு உண்டு. குடைவரையும் சமணர் படுக்கையும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருந்தால் துறை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்து வையுங்கள். பாதை காட்டுக்குள் போகிறது என்றால் வனத்துறையின் அனுமதி இல்லாமல் கால் வைக்காதீர்கள்.

காசுக் கணக்கு

தலைக்கு 900 ரூபாய், 12 பேர், மொத்தம் 10,800 ரூபாய் என்று ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். உங்கள் ஊர் விலைவாசிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

மதுரையிலிருந்து வேன் போய்வர 3,000. காலை ஆகாரம் தலைக்கு 60 வீதம் 720. மதியச் சாப்பாடு தலைக்கு 180 வீதம் 2,160. வழிகாட்டிகள் இருவருக்கு ஆளுக்கு 800 வீதம் 1,600. தொழில் செய்து காட்டுகிறவருக்கு 500. கழிப்பறை தரும் இரண்டு வீட்டுக்கு 250 வீதம் 500. இலை, தண்ணீர் கேன், சோப்பு வகைக்கு 240. முன்பதிவும் போனும் பார்த்து ஒருங்கிணைப்பவருக்கு 1,000. ஊர் நிதிக்கு 1,080.

வேன் தவிர்த்த 7,800 ரூபாயும் ஊர்க்காரர் கைக்கு வருகிறது. நூற்றுக்கு 72 ரூபாய். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி மேலூர் வந்து, அங்கிருந்து டவுன் பஸ்ஸிலோ ஷேர் ஆட்டோவிலோ வருகிறவர்களிடம் தலைக்கு 650 மட்டும் வாங்குங்கள். 12 பேருக்கு அதே 7,800 வந்துவிடும், ஊருக்கு ஒரு ரூபாயும் குறையாது. வந்தவருக்கும் மிச்சம், ஒரு வண்டிப் புகையும் மிச்சம்.

சமையலுக்கு வருவது 2,880. அதில் சாமான் செலவு 1,500 என்றால் மூன்று பெண்களுக்கு ஆளுக்கு 460 நிற்கும். விலைவாசி ஏறி அது 300-க்கு வந்தால் கட்டணத்தை ஏற்றுங்கள், கூலியில் கை வைக்காதீர்கள். "ஊர் நல்லதுக்குத்தானே, கொஞ்சம் குறைச்சு வாங்கிக்கோ ஆத்தா" என்ற பேச்சு எப்போதும் பெண்களிடமே போய் நிற்கிறது. அதைத் தொடக்கத்திலேயே வெட்டிவிட வேண்டும்.

பணத்தை யார் போனிலும் வாங்காதீர்கள். மகளிர் குழுவின் கூட்டுக் கணக்குக்கு ஒரு க்யூஆர் அட்டை எடுத்து அதில் மட்டும் வாங்குங்கள். ஒருவருடைய ஜிபேயில் வாங்கி அப்புறம் பிரித்துத் தருவது என்றால், அவர் எவ்வளவு நாணயமானவராக இருந்தாலும் ஆறு மாதத்தில் சந்தேகம் முளைக்கும். கூலியை அன்று மாலையே கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

அன்றைய வரவு செலவை ஊர்ச் சாவடிச் சுவரில் கரும்பலகையில் எழுதுங்கள். இந்தப் பக்கத்துக்கு இது புதிதல்ல. 1882-இல் ராபர்ட் சீவெல் என்ற ஆங்கிலேய அதிகாரி கண்ட மாங்குளம் கல்வெட்டுகளில் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயரும் இருக்கிறது, கொடை தந்த வெள்ளறை நிகமத்தார் என்ற வணிகக் குழுவின் பெயரும் இருக்கிறது. யார் என்ன கொடுத்தார்கள் என்பதை எல்லாரும் பார்க்கிற பாறையில் வெட்டிய ஊர்கள் இவை.

ஊர் நிதியை எதற்குச் செலவழிப்பது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். மாதம் நான்கு நடைக்கு 4,320 சேரும். பெரிய தொகை இல்லை, ஆனால் ஊருணி வரத்துக்காலில் மண்ணும் முள்ளும் எடுக்க அவ்வப்போது ஆள்விட உதவும். கோயில் திருவிழாவில் கலந்துவிட்டால் அந்தக் கோயிலுக்கு வரி கொடுக்காத தெருக்காரர்களுக்கு அதில் பங்கில்லாமல் போய்விடும்.

யாருக்கு வேலை, எந்தத் தெரு வழி

இங்கேதான் பெரும்பாலான ஊர்நடைகள் தவறிப்போகின்றன. பாதை போடுகிறவர்கள் ஊர்த்தெருவில் தொடங்கி, கோயில், ஊருணி, மலை என்று சுற்றிவந்து ஊர்த்தெருவிலேயே முடிக்கிறார்கள். காலனி என்று சொல்லிவரும் தெரு வரைபடத்திலேயே இருக்காது. சமையலும் ஊர்த்தெருப் பெண்களுக்கே போகும். வந்தவர் கொடுத்த காசு பாதி ஊருக்கு மட்டும் போய்ச் சேரும், அதற்கு "ஊர் நலன்" என்று பெயரும் வைத்துவிடுவார்கள்.

எல்லாத் தெரு மகளிர் குழுக்களையும் ஒரே சுழற்சிப் பட்டியலில் போடுங்கள். முதல் நடைக்கு ஒரு குழு, இரண்டாவது நடைக்கு அடுத்தது. சமையல் வேலை, கழிப்பறை வீடு, வழிகாட்டி ஆகிய மூன்றுக்கும் சுழற்சி வேண்டும். ஒரு தெருக்காரர் சமைத்ததைச் சாப்பிட மாட்டேன் என்று விருந்தாளியோ ஊர்க்காரரோ சொன்னால் அவருக்கு அன்று சாப்பாடு இல்லை. தனிப்பந்தி, தனி டம்ளர் என்ற பேச்சுக்கு இடம் கொடுத்தால் நடையையே நிறுத்திவிடுவது மேல். அதே சமயம், "ஏழைத் தெருவைக் காட்டுகிறோம்" என்று குடிசையைப் படம்பிடிக்க அழைத்துப் போகவும் கூடாது. அந்தத் தெருவில் எந்த வீடு, என்ன காட்டலாம், எது வேண்டாம் என்பதை அந்தத் தெருக்காரர்களே சொல்லட்டும்.

எந்த மாதம், எந்த நேரம்

கார்த்திகை முதல் மாசி வரை நல்ல காலம். வடகிழக்குப் பருவமழையில் கண்மாய் பெருகியிருக்கும், பறவை வந்திருக்கும், வயலில் வேலை நடக்கும். பங்குனி பாதிக்கு மேல் பத்து மணிக்கெல்லாம் பாறை சுடத் தொடங்கிவிடும். சித்திரை, வைகாசியில் நடத்தவே வேண்டாம். நடத்தித்தான் ஆக வேண்டும் என்றால் ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் நிழலுக்கு வந்துவிடுங்கள்.

திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால், காப்பு அவிழ்க்கும் வரை முன்பதிவு எடுக்காதீர்கள். ஊருக்கென்று கட்டுப்பாடு இருக்கும் நாட்கள் அவை. செருப்புப் போட்ட கூட்டம் தெருவில் நடந்தால் மனக்கசப்புத்தான் மிஞ்சும். ஊரில் துக்கம் நடந்தாலும் அன்றைய நடை ரத்து, பணம் முழுதும் திருப்பித் தரப்படும் என்று முன்பதிவுச் சீட்டிலேயே எழுதிவிடுங்கள்.

காலை 6:30-க்குச் சாவடியில் கூடுவது, 6:45-க்குக் கிளம்புவது, 8:30-க்கு வழியில் காலை ஆகாரம், 10 மணிக்கு மலையிலிருந்து இறங்குவது, 10:30 முதல் 12 வரை நிழலில் தொழில் பார்ப்பது, 12:30-க்குச் சாப்பாடு, 2 மணிக்கு விடைபெறுவது. இதற்கு மேல் இழுத்தால் சமைத்த பெண்கள் வீட்டு வேலைக்குத் திரும்ப இருட்டிவிடும். முதல் ஆண்டு இரவுத் தங்கலே வேண்டாம். தங்கினால் பாதுகாப்பு, குடிப்பழக்கம், வெளிநாட்டவர் என்றால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசிடம் பதிவது என்று பொறுப்புகள் கூடிக்கொண்டே போகும்.

மலை மேல்

12 பேருக்கு இரண்டு வழிகாட்டிகள், ஒருவர் முன்னால், ஒருவர் கடைசியில். ஆடு மேய்த்தவரில் ஒருவரைக் கட்டாயம் சேருங்கள். எந்தச் சுனையில் எப்போது தண்ணீர் நிற்கும், எந்தப் பாறை மழைக்குப் பின் வழுக்கும், எந்தப் புடவில் தேனடை இருக்கிறது என்று அவருக்கு மனப்பாடம். வரலாறு சொல்ல இளைஞர் ஒருவர் கூட இருந்தால் போதும்.

ஐந்து இடத்தில் நின்றால் போதும், இடத்துக்கு ஐந்து நிமிடப் பேச்சு. "ஐயாயிரம் வருஷப் பழமை" மாதிரிப் பெருமைப் பேச்சைத் தவிர்க்கப் பழக்குங்கள். ஊரில் "பஞ்சபாண்டவர் படுக்கை" என்பார்கள். அந்தப் பெயரையும் சொல்லுங்கள், அது சமண முனிவர்களுக்கு வெட்டிய கற்படுக்கை என்பதையும் சொல்லுங்கள். குகையின் நெற்றியில் ஓடும் காடியைக் கைநீட்டிக் காட்டுங்கள். மழைநீர் பாறையோடு வழிந்து உள்ளே வராமல் வெளியே சொட்டுவதற்காக வெட்டியது அது. படுக்கையில் தலைமாட்டுக்கு மட்டும் சற்று உயர்த்திவிட்டிருப்பார்கள். அதை ஒருமுறை கவனித்தவர்கள் அப்புறம் அதன்மேல் ஏறி நின்று செல்ஃபி எடுக்கக் கூசுவார்கள்.

கல்வெட்டுப் படிப்பதில் ஒரு கெட்ட பழக்கம் பரவியிருக்கிறது. எழுத்துத் தெரியவில்லை என்று சாக்பீஸ் தேய்ப்பது, மாவு பூசுவது, தண்ணீர் ஊற்றுவது. தேய்க்கத் தேய்க்க எழுத்தின் விளிம்பு மழுங்கும். பூசியது குழிக்குள் தங்கிவிடும். எழுத்தின் மேலேயே கோடு இழுத்துத் தப்பாகப் படிக்க வைத்தவர்களும் உண்டு. இதற்கு ஒரு சாதாரண டார்ச் லைட் போதும். எழுத்துக்கு நேராக அடிக்காதீர்கள், அப்போது பாறை வெளுத்து ஒன்றும் தெரியாது. டார்ச்சைப் பாறையோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்து மெல்ல நகர்த்துங்கள். வெளிச்சம் சாயச்சாய ஒவ்வொரு வெட்டிலும் நிழல் விழும். முதலில் ஒரு கோடு, பிறகு ஒரு வளைவு என்று எழுத்து தானே எழுந்து வரும். பார்க்கிற பிள்ளைகள் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார்கள். கை படவே வேண்டாம்.

செங்குத்துப் பாறைகளில் லகர் வல்லூறு, ஷாகீன் வல்லூறு, பொனெல்லிக் கழுகு ஆகியவை இருக்கின்றன. மார்கழி முதல் பங்குனி வரை பாறைக் கூட்டில் முட்டையோ குஞ்சோ இருக்கும் காலம். கூட்டுக்கு எதிரில் கூட்டம் நின்றால் தாய்ப்பறவை எழுந்துவிடும். அந்த நேரத்தில் குஞ்சு வெயிலில் காயும். ஆகவே தூரத்திலிருந்து பைனாகுலரில் பார்ப்பதோடு சரி. இரண்டு பைனாகுலர் ஊர்க் கையிருப்பில் இருக்கட்டும். டிரோன் கூடவே கூடாது. கூடு, தேவாங்கு, அழுங்கு இருக்குமிடத்தைப் போனில் லொகேஷனோடு போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். அழுங்கு கடத்துகிறவர்களும் அதே போனைத்தான் பார்க்கிறார்கள்.

மலைத்தேனீ பெரிய ஆபத்து. சென்ட் அடித்து வரக் கூடாது, பீடி சிகரெட் கூடாது, மலையில் கத்திக் கூப்பிடக் கூடாது. தேனீ கலைந்தால் கையை வீசாமல் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு வந்த வழியே விலகி ஓட வேண்டும். உட்கார்ந்துவிடக் கூடாது. கைவிட்ட கிரானைட் குவாரிக் குட்டைகளில் யாரையும் இறங்க விடாதீர்கள். பச்சையாக, அமைதியாக, நீச்சல்குளம் மாதிரித் தெரியும். கரையே கிடையாது, கால் வைத்த இடத்திலிருந்து நேராக ஆழம், பிடித்து ஏறப் படியும் இல்லை.

முதலுதவிப் பையில் ஓஆர்எஸ் பத்துப் பாக்கெட், சுற்றுக்கட்டு நான்கு, பஞ்சு, கிருமிநாசினி, கத்தரிக்கோல் இருக்கட்டும். பாம்பு கடித்தால் கீறவும் வேண்டாம், இறுக்கிக் கட்டவும் வேண்டாம். கடித்த கையையோ காலையோ அசையாமல் குச்சி வைத்துக் கட்டி, 108-க்கு அழைத்து, மேலூர் அரசு மருத்துவமனைக்கோ மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கோ கொண்டுபோவதுதான் ஒரே வழி.

சாப்பாடும் தண்ணீரும்

வெளியாள் வருகிறார் என்றதும் சிக்கன் 65, ஃபிரைடு ரைஸ் என்று யோசிப்பார்கள். வருகிறவர்கள் அதை மதுரையில் இதைவிட நன்றாகச் சாப்பிட்டவர்கள். ஊரில் விளைந்ததை, வீட்டில் செய்கிற மாதிரியே போடுங்கள்.

12 விருந்தாளி, வழிகாட்டி சமையல்காரர் என ஐவர், ஆக 17 பேருக்கு: அரிசி 2 கிலோ, மொச்சை முக்கால் கிலோ, கத்தரிக்காய் ஒரு கிலோ, முருங்கைக்கீரை நாலு கட்டு, ரசத்துக்குத் தக்காளி அரைக்கிலோ, மோருக்குத் தயிர் இரண்டு லிட்டர், நல்லெண்ணெய் 300 மில்லி, இலை 18. நாட்டுக்கோழி போடுவதாக இருந்தால் கட்டணத்தைத் தனியாகச் சொல்லிவிடுங்கள், இதே காசுக்குள் கட்டாது.

காலை ஆகாரத்துக்குத் தரும் கம்மங்கூழில் ஒரு எச்சரிக்கை. ஊர் வழக்கப்படி முந்தின இரவு காய்ச்சி, உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டு, காலையில் மோர் விட்டுக் கரைப்பார்கள். ஊர்க்காரர் வயிற்றுக்கு அந்தத் தண்ணீர் பழக்கம், வந்தவருக்கு இல்லை. உருண்டை ஊறுகிற தண்ணீர், மோர் கலக்குகிற தண்ணீர், சட்னிக்கு விடுகிற தண்ணீர் மூன்றும் கொதிக்கவைத்து ஆற்றியதாக இருக்க வேண்டும். சோறும் குழம்பும் கொதித்து வருவதால் தொல்லை இல்லை. வயிற்றுப்போக்கு வந்தால் பெரும்பாலும் மோரிலும் சட்னியிலும்தான் காரணம் இருக்கும். கூழை முதலில் அரை டம்ளர் மட்டும் கொடுத்து, பிடித்தவருக்கு மறுபடி ஊற்றுங்கள். பிடிக்காதவருக்கு நாலு இட்லி இருக்கட்டும். சின்ன வெங்காயமும் மோர்மிளகாயும் மறக்க வேண்டாம்.

சமைக்கும் குழு உணவுப் பாதுகாப்புத் துறையில் சிறு உணவுத் தொழிலுக்கான பதிவைச் செய்துவிடட்டும்.

குடிக்க ஆளுக்கு மூன்று லிட்டர் கணக்கில் 20 லிட்டர் கேன் மூன்று வாங்குங்கள். ஒன்று சாவடியில், ஒன்று மலையடிவாரத்தில், ஒன்று பந்தியில். பாட்டில் தண்ணீர் விற்காதீர்கள். அவரவர் பாட்டிலை நிரப்பிக்கொள்ளட்டும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருந்தாலும், அதில் சேராத தண்ணீர் பாட்டில் வந்துகொண்டேதான் இருக்கிறது. வந்ததும் ஆளுக்கு ஒரு மஞ்சப்பை கொடுத்து, "கொண்டுவந்த குப்பையை இதில் போட்டு நீங்களே திரும்பக் கொண்டுபோங்கள்" என்று சொல்லிவிட்டால் யாரும் மறுப்பதில்லை.

கழிப்பறை

பேசக் கூச்சப்பட்டு எல்லாரும் விட்டுவிடுகிற விஷயம் இது. நடை நன்றாக இல்லை என்று பெண்கள் சொல்வதற்குப் பாதிக் காரணமும் இதுதான். தொடங்கும் இடத்தில் ஒரு வீடு, மலையடிவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடு என்று பேசி வையுங்கள். 250 ரூபாய்க்கு அவர்கள் செய்ய வேண்டியது: காலையில் கழுவிவிடுவது, வாளியும் கப்பும் புதுசு, சோப்பு, உள்ளிருந்து தாழிடும் கதவு, மூடியுள்ள கூடை, நாப்கின் மடிக்கப் பழைய செய்தித்தாள், 200 லிட்டர் தண்ணீர். தண்ணீருக்கு மேல்நிலைத் தொட்டியை நம்பாதீர்கள். அன்று குழாய் வராது. பள்ளிக்கூடக் கழிப்பறையைப் பள்ளி நாளில் தொடவே கூடாது.

தொழில் காட்டுவதற்கும் கூலி

ஓலை பின்னுகிறவர், மண்பாண்டம் செய்கிறவர், பூக்கட்டுகிறவர் என்று யாராவது ஒருவர் தன் வேலையைக் காட்டினால் விருந்தாளிகளுக்கு அதுதான் நெஞ்சில் நிற்கும். ஆனால் காட்டுகிற நேரம் அவருக்கு வேலை கெடும் நேரம். 40 நிமிடம் காட்டினாலும் எடுத்து வைக்க, மறுபடி மனதை வேலையில் செலுத்த என்று அரைநாள் போய்விடும். ஆகவே அரைநாள் கூலிக்குக் குறையாமல் கொடுங்கள். "பொருள் வாங்குவார்கள், அதுதான் லாபம்" என்று சொல்லி இலவசமாகக் காட்டச் சொல்லாதீர்கள். விளாச்சேரி மாதிரிப் பொம்மை செய்யும் ஊரில் நவராத்திரிக்கு முந்தின ஆவணி, புரட்டாசியில் போய்க் கேட்கவே கேட்காதீர்கள். ஆண்டு வருமானத்தில் பெரும்பகுதி அந்த வாரங்களில்தான் அவர்களுக்கு வருகிறது.

மல்லிகைத் தோட்டம் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் நிறைய. மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து கேட்பவர் கூடியிருக்கிறார்கள். மொட்டாகப் பறித்து, விரிவதற்குள் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் விலை. பறிக்கிறவருக்குக் கிலோ கணக்கில் கூலி. விருந்தாளிக்குக் காம்பை எங்கே கிள்ளுவது என்று காட்டிக்கொண்டு நிற்கும் கால்மணி நேரத்தில் அவர் கை ஓயும், மடி நிறையாது. அதனால் நாலு விருந்தாளிக்கு ஒரு கிலோ பறிப்புக்கூலி என்று அவரிடமே கொடுத்துவிடுங்கள், தோட்டக்காரரிடம் அல்ல. இரண்டு பாத்திக்கு மேல் உள்ளே விடாதீர்கள். பழகாதவர் கை பட்டால் மொட்டோடு தளிரும் ஒடிந்து வரும்.

பொருள் விற்பதாக இருந்தால் விலையை எழுதி ஒட்டிவிடுங்கள். பேரம் கிடையாது. சுங்குடி விற்கிறவர்கள் கையால் முடிச்சிட்டுச் சாயம் தோய்த்தது எது, அச்சடித்தது எது என்று பிரித்து வைக்கட்டும். கையில் முடிச்சிட்டதில் புள்ளிகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது, முடிச்சுப்போட்ட இடத்தில் துணி லேசாகச் சுருங்கி விரலுக்குத் தட்டுப்படும்.

விருந்தாளிக்கு அனுப்பும் சேதி

முன்பதிவு செய்தவருக்கு இரண்டு நாள் முன் வாட்ஸப்பில் அனுப்ப இது போதும்:

"வணக்கம். ஞாயிறு காலை 6:30-க்கு ஊர்ச் சாவடிக்கு வந்துவிடுங்கள். பருத்தி உடை, பிடிமானமுள்ள செருப்பு, தொப்பி, இரண்டு லிட்டர் பாட்டில், துண்டு கொண்டுவாருங்கள். சென்ட் வேண்டாம். கோயில்காட்டில் செருப்பைக் கழற்ற வேண்டும். ஆட்களைப் படமெடுக்கும் முன் கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். குழந்தைகளுக்கு மிட்டாய், பேனா, காசு கொடுக்க வேண்டாம். மது அருந்தி வருபவர்கள் சேர்த்துக்கொள்ளப்பட மாட்டார்கள், பணமும் திரும்பாது. நடக்க முடியாதவர், நெஞ்சுவலி, ஆஸ்துமா உள்ளவர் முன்பே சொல்லுங்கள்."

மிட்டாய் வேண்டாம் என்பதைச் சிலர் கல்நெஞ்சம் என்று நினைப்பார்கள். நாலு ஞாயிறு மிட்டாய் வாங்கிய பிள்ளை ஐந்தாவது ஞாயிறு வேன் பின்னால் ஓடிவரும். தன் ஊருக்கு வந்தவரிடம் கை நீட்டுவது அதற்கு அன்றுதான் பழகும். ஏதாவது கொடுத்தே தீர வேண்டும் என்கிறவரைத் தலைமையாசிரியரிடம் அனுப்பி, பள்ளிக்கு எது குறைகிறதோ அதைக் கேட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள்.

நடை முடிந்த மாலை

விருந்தாளி கிளம்பியதும் சமைத்தவர், வழிகாட்டி, வீடு கொடுத்தவர் எல்லாரும் அரைமணி நேரம் உட்காருங்கள். பணம் பட்டுவாடா, கையெழுத்து, கரும்பலகை. பிறகு ஒருவர் பாதையில் திரும்பப் போய்க் குப்பை பொறுக்கித் தராசில் நிறுத்து நோட்டில் எழுதட்டும். நடைக்கு நடை அந்த எடை கூடினால் வழிகாட்டி கண்டிப்பாக இல்லை என்று அர்த்தம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாதையோரத்து வீடுகளில் கேளுங்கள்: தொந்தரவாக இருக்கிறதா, படம் எடுத்தார்களா, தண்ணீர் எடுக்கப் போகும்போது கூச்சமாக இருக்கிறதா? பெண்களிடம் பெண்களே கேட்க வேண்டும். ஒரு வீடு வேண்டாம் என்றாலும் அந்தத் தெருவை விட்டுப் பாதையை மாற்றுங்கள். கண்மாய் வற்றி ஊரே குடத்தோடு லாரிக்குக் காத்திருக்கும் மாதத்தில் முன்பதிவை மூடிவிடுங்கள். மாதம் நான்கு நடைக்கு மேல் கேட்டு டிராவல்ஸ்காரர் நெருக்கினால், தீர்மானத்தின் நகலை அவருக்கு அனுப்பி, பக்கத்து ஊர் மகளிர் குழுவின் நம்பரைக் கொடுங்கள்.